சட்டி விரதமும் பைக் சாவியும்

எங்கள் வேலைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போன கிழமை நிரோஜா ஒரு கேள்வி போட்டிருந்தாள். "தர்ஷியக்கா, குளிர் வரப்போகுது. பைக்குக்கு என்ன கிளவுஸ் வாங்குறது? கந்தசட்டியும் வருது. விரதத்தோடை பைக் ஓடலாமோ?" அதற்குக் கீழே இன்னும் சில பிள்ளைகள் கை தூக்கிய படம் போட்டிருந்தார்கள். தங்களுக்கும் பதில் வேண்டுமாம்.

கிளவுஸ் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதலாம். மற்றதற்கு ஒரு வரி காணாது. எழுதினேன், அழித்தேன், திரும்ப எழுதினேன். கடைசியில் எல்லாவற்றையும் எழுதிவிடுவது என்று இருந்துவிட்டேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். விட்டவள் என்று சொல்வதும் சரியில்லை, வன்னியில் சண்டை நடந்த அந்த நேரம் பள்ளிக்கூடம்தான் எங்களை விட்டுப்போனது. அதனால் எழுத்துப் பிழை இருந்தால் பிழையைப் பாருங்கள், என்னைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் கேரர் வேலை செய்தவள். வீடு வீடாகப் போய் வயதானவர்களை எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, காலைச் சாப்பாடு கொடுத்து, மருந்தை ஞாபகப்படுத்துகிற வேலை. தெற்கு லண்டனில் நோர்பரி என்கிற இடத்தில் எங்கள் வீடு. அங்கேயிருந்து மிச்சம், கார்ஷல்ட்டன், சட்டன் என்கிற ஊர்கள் வரைக்கும் என்னுடைய வீடுகள் பரவிக் கிடந்தன. கார் வாங்க வசதியில்லை, பஸ்ஸில் போனால் அரைவாசி நாள் பஸ்ஸுக்குள்ளேயே போய்விடும். ஆகவே பைக். ஆறு குளிர்காலம் ஓடினேன். ஒருநாளும் விழவில்லை, ஒரு வீட்டையும் தவறவிட்டதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இப்போது என் வலது கையில் இரண்டு விரல்கள் குளிர் பட்டால் மெழுகுதிரி மாதிரி வெள்ளையாகிவிடும். குளிரில் இனிமேல் ஓடவேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். முப்பது வயதில் பைக்கிலிருந்து பென்ஷன் எடுத்த ஆள் நான் ஒருத்திதான். பென்ஷன்தான் ஒருத்தரும் தருகிறார்கள் இல்லை.

பைக் அண்ணாவுடையது. ரூபன் அண்ணா. போன மாசி மாதம் செத்துப்போனார். அவர் இல்லாமல் வருகிற முதல் குளிர் இது.

பைக் ஓடப் பழகிய கதை நீளமில்லை. அண்ணா அதில் சாப்பாடு டெலிவரி செய்துகொண்டிருந்தார். பிறகு வேறு வேலை கிடைத்ததும் சாவியை என் கையில் தந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஒரு பெரிய கடையின் கார் பார்க்கில் சுற்றிச் சுற்றி ஓட வைத்தார். "கிளச்சைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரிப் பிடி. நெரிச்சும் போடாதை, பறக்கவும் விடாதை" என்பார். நான் நெரித்தும் போட்டேன், பறக்கவும் விட்டேன். பிறகு ஒருநாள் பயிற்சிக்குப் போய், சிவப்பு எல் போர்டு ஒட்டிக்கொண்டு றோட்டுக்கு வந்தேன். அவ்வளவுதான்.

குளிர் திடீரென்று வருவதில்லை. முதலில் இலை விழும். ஐப்பசியில் மழையோடு விழுந்த இலை சவர்க்காரம் மாதிரி வழுக்கும். அதன்மேல் பிரேக் பிடிக்கக்கூடாது, வேகத்தை முன்னமே குறைத்துக்கொண்டு நிமிர்ந்தபடி கடந்து போகவேண்டும். றோட்டில் அடித்த வெள்ளைக் கோடும், இரும்பு மூடியும் ஈரத்தில் அப்படித்தான். அடுத்தது வெயில். காலமை சட்டன் பக்கம் போகும்போது ஒரு வளைவில் சூரியன் கண்ணுக்கு நேரே நிற்கும். எனக்குக் கண் தெரியவில்லை என்றால் எனக்குப் பின்னால் வருகிற கார்க்காரனுக்கும் தெரியாது. அதை நினைத்துக்கொண்டு ஓடவேண்டும்.

பிறகு கை. முதல் வருசம் அண்ணா ஹாண்டில்பாருக்குப் பெரிய உறை வாங்கி வந்தார், கையை அதற்குள்ளே விட்டு ஓடுகிற மாதிரி. குதிரைக்குத் தீன் பை கட்டினது போல இருந்தது. "இதை மாட்டிக்கொண்டு நான் போகமாட்டன், ஆக்கள் சிரிப்பினம்" என்றேன்.

"ஆக்கள் சிரிக்கட்டும். விரல் விறைச்சால் பிரேக்கை எதாலை பிடிப்பாய், பல்லாலையோ?"

ஒரு கிழமை பிடிவாதமாக இருந்துவிட்டு நானே மாட்டினேன். நிரோஜா, உன் முதல் கேள்விக்குப் பதில் இதுதான். விலை கூடின கிளவுஸ் தேடாதே. மெல்லிய பட்டுக் கிளவுஸ் உள்ளே, சாதாரணமானது வெளியே, அதற்குமேல் அந்தத் தீன் பை. நெஞ்சுப் பக்கம் ஜாக்கெட்டுக்கும் சுவெட்டருக்கும் நடுவில் ஒரு செய்தித்தாளை மடித்து வை, காற்று உள்ளே வராது. ஹெல்மெட் கண்ணாடி மூச்சில் புகைந்தால் உள்பக்கம் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு சொட்டுப் பூசித் துடைத்துவிடு. மிச்சம் ஊரின் பெரிய புல்வெளி, மிச்சம் கொமன், அதைக் கடக்கும்போது கவனம். இரண்டு பக்கமும் வெட்டவெளி, வீடுகளுக்கிடையில் இல்லாத குளிர் அங்கே காத்துக்கொண்டு நிற்கும்.

வேலையில் எங்களை நடத்தியது கல்பனாக்கா. மதுரைக்காரி. அங்கே நர்ஸாக இருந்துவிட்டு வந்தவ. ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டா. பிழை விட்டால் ஏசமாட்டா, பேசாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பா. அதற்கு ஏச்சு வாங்குவது மேல். ஒக்டோபர் பிறந்தால் ஒவ்வொரு நாளும் காலமை பைக் ஓடுகிற எல்லோருக்கும் போன் அடிப்பா. கேட்பது இரண்டே இரண்டு கேள்வி.

"சாப்பிட்டியா?"

"ஓம் அக்கா."

"கண்ணாடி?"

கண்ணாடி என்றால் தெருவில் நிற்கிற கார்களின் முன் கண்ணாடி. அது ஈரமாக இருந்தால் ஓடலாம். வெள்ளையாக உறைந்திருந்தால் பைக் வீட்டில் நிற்கவேண்டும், பஸ்தான். வெதர் சொல்கிறவன் என்ன சொன்னாலும் அவவுக்குக் கணக்கில்லை. "அவன் லண்டனுக்குச் சொல்றான். நீ உன் தெருவைப் பாத்துச் சொல்லு" என்பா.

இலங்கைப் பிள்ளைகள் நாங்கள் அந்த முதல் கேள்வியை வைத்து அவவைப் பகிடி பண்ணுவோம். இந்தியாக்காரர் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக அதைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். போன வருசச் சட்டி வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

கந்தசட்டி, இந்தியாக்காரர் சஷ்டி என்பது, சரியாகக் குளிர் தொடங்குகிற நேரத்தில் வரும். ஆறு நாள் முருகனுக்கு விரதம். சிலர் பாலும் பழமும் எடுப்பார்கள், சிலர் இரவில் ஒருநேரம் சாப்பிடுவார்கள், சிலர் வெறும் தண்ணீரோடு இருப்பார்கள். முடிந்த பிறகு பாறணை என்று விடியவே விரதம் முடித்துச் சாப்பிடுவது. நான் அதுவரை சட்டி பிடித்ததில்லை. போன வருசம் பிடித்தேன். அண்ணா ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரத்தத்தில் புற்றுநோய். புது மருந்து ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். நான் செய்ய ஏதாவது வேண்டும், வேறு ஒன்றும் இல்லை. "பகல் முழுக்கத் தண்ணி, இரவிலை ஒருநேரம். ஆறு நாளும்" என்று அம்மாவுக்குச் சொன்னேன். அம்மாவும் அதே மாதிரிப் பிடித்தா. சாமிப் படத்துக்கு முன்னால் அண்ணாவின் பைக் சாவியையும் வைத்துக் கும்பிட்டோம். காலமை அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவது, பின்னேரம் வந்து திரும்ப வைப்பது என்று நினைப்பு.

முதல் நாள் காலமைச் சுற்றில் கடைசி வீடு சோதி அங்கிளுடையது. கார்ஷல்ட்டனில் தனிய இருந்தவர். பெற்றோல் ஸ்டேஷன் வைத்து நடத்தினவர், மகள் கனடாவில். கட்டின மனுசி கமலா, அவருக்குக் கமலம், அந்தச் சித்திரையில் செத்துப்போனா. சீனி வருத்தக்காரர், காலமை தானே இன்சுலின் ஊசி போடுவார். போட்டுவிட்டுச் சாமி கும்பிட்டு, பிறகு சாப்பிடுவார். நான் முட்டையும் இரண்டு துண்டு வாட்டின பாணும் செய்து மேசையில் வைத்துவிட்டு வெளிக்கிடுவேன். வழமை அது.

என்னை ஹெல்மெட்டோடு கண்டால் விடமாட்டார்.

"அனுமார் வந்திட்டார். இலங்கையை எரிச்சுப் போட்டே வாறீர்?"

"இல்லை அங்கிள், நோர்பரியை மட்டும்தான்."

"என்ரை வீட்டை விட்டிடு. இன்சூரன்ஸ் முடிஞ்சு போச்சு."

அவருக்கு இந்த உலகத்தில் ஒரே எதிரி புறா. அவருடைய காரிலும் கொடியில் காய்கிற வேட்டியிலும் எச்சம் போட்ட பாவத்துக்காக, தும்புத்தடியோடு பின்கதவால் பாய்ந்து துரத்துவார். "லண்டனிலை வாடகை குடுக்காமல் இருக்கிறது உதுகள்தான்" என்பார். அவருக்குத் தும்புத்தடி தூக்கப் பெலன் இருக்கிற நாள் நல்ல நாள் என்று நான் கணக்கு வைத்திருந்தேன்.

அன்றைக்கு அங்கேயிருந்து ஒபிசுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினேன். பட்டியைக் கழற்ற விரல் வரவில்லை, கை நடுங்கியது. "குளிர் அக்கா" என்றேன். கல்பனாக்கா எழும்பி வந்து புறங்கையை என் நெற்றியில் வைத்தா.

"குளிர்ல நடுங்குறவளுக்கு நெத்தி காஞ்சிருக்கும். உனக்கு வேர்த்திருக்கு. இது குளிர் இல்ல, பசி. சாப்பிட்டியா?"

"விரதம் அக்கா. காலமை போனிலை பொய் சொல்லிட்டன்."

"யாருக்கு?"

"அண்ணாவுக்கு."

என் ஹெல்மெட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னா, "விரதம் இரு. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா வெறும் வயித்தோட வண்டி ஓட்டக் கூடாது. வயித்துல ஒண்ணும் இல்லன்னா உடம்பு சூடு பிடிக்காது, மூளை ஒரு நொடி லேட்டா வேலை செய்யும். ரோட்டுல அந்த ஒரு நொடி போதும். பால் பழம் எடுத்துக்கிட்டு ஓட்டு. இல்ல, பஸ். ரெண்டுல ஒண்ணு சொல்லு."

நான் பஸ் என்றேன். பால் பழத்துக்கு இறங்கி வந்தால் அண்ணாவுக்கு நான் சொன்ன சொல்லில் பாதியை வெட்டின மாதிரி எனக்குப் பட்டது. அவ வாதாடவில்லை. எனக்கு நோர்பரியில் நடக்கிற தூரத்து வீடுகளைத் தந்தா. சோதி அங்கிளைக் கிரேஸிடம் கொடுத்தா. கிரேஸ் கானா நாட்டுக்காரி, கார் வைத்திருக்கிறா, நல்ல மனுசி.

அடுத்த நாளுக்கு அடுத்த நாள் விடிய, நான் முகம் கழுவிக்கொண்டு நிற்கிறேன், கல்பனாக்காவின் போன்.

"தர்ஷி, கிரேஸ் பிள்ளைக்குக் காய்ச்சல், அவ வரல. சோதி சார் வீட்டுக்குப் பத்து மணிக்கு மேல நானே போறேன். சாவிப் பெட்டி நம்பர் மாறலையே?"

"இல்லை அக்கா, அதே நம்பர்தான். எப்பிடி இருக்கிறாராம்?"

"நேத்து நல்லாத்தான் இருந்தாராம். புறாவுக்கு பிரெட் போட்டுட்டு இருந்தாராம். தோட்டம் முழுக்கப் புறா, பாக்க அழகா இருந்துச்சுன்னு கிரேஸ் சொன்னா."

துவாயோடு அப்படியே நின்றேன். புறாவுக்கு அவர் பாண் போடுகிறவரா? கமலா அன்ரி வருசம் தவறாமல் சட்டி பிடித்தவ என்று அவர் எனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறார். எங்கள் ஆட்களில் விரதம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மருந்து சாப்பாட்டில் சேராது. குளிசை போடலாம், ஊசி போடலாம், விரதம் முறியாது. அம்மா பிரசர் குளிசையை அப்படித்தான் விழுங்கிக்கொண்டிருந்தா. அவரும் அந்தக் கணக்கில்தான் ஊசியைப் போட்டுக்கொண்டு பாணை வெளியே எறிகிறார். கிரேஸுக்குச் சட்டி தெரியாது, கல்பனாக்காவுக்குப் புறாக் கதை தெரியாது. இரண்டும் தெரிந்த ஆள் துவாயோடு நோர்பரியில் நிற்கிறேன்.

"அக்கா, அவர் ஊசியைப் போட்டுட்டுச் சாப்பிடாமல் இருக்கிறார். சட்டி விரதம். பாணைத்தான் புறாவுக்குப் போடுறார்."

அவ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "லைன்ல இரு" என்றா. மற்ற போனில் அவருடைய வீட்டுக்கு அடிப்பது கேட்டது. மணி போனது, போனது, ஒருத்தரும் எடுக்கவில்லை.

"ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேன். எப்ப வருவாங்கன்னு தெரியாது. நான் குரொய்டன்லேர்ந்து ரெண்டு பஸ் மாறணும்."

"நான் பைக்கிலை போறன்."

"கண்ணாடி?"

யன்னலால் எட்டிப் பார்த்தேன். "ஈரம். வெள்ளையில்லை."

"சாப்பிட்டியா?"

கண் சாமிப் படத்தின் பக்கம் போனது.

"தர்ஷி, சாப்பிட்டுட்டு வண்டி எடு. சாப்பிடலன்னா எடுக்காத. உன்னையும் ஆம்புலன்ஸ்ல ஏத்துற நிலைமைய எனக்குக் கொடுக்காத. எதுன்னு நீ சொல்லு, அப்புறம் வைக்கிறேன்."

சாவி சாமிப் படத்துக்கு முன்னால் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் தட்டில் வாழைப்பழம். வேறு ஒன்றையும் தேடி எடுத்துச் சமைக்க நேரமில்லை. ஒன்றை உரித்து நின்ற நிலையிலேயே சாப்பிட்டேன். இரண்டாவதையும் சாப்பிட்டேன். மேலே ஒரு கிளாஸ் பாலைச் சீனி போட்டுக் குடித்தேன். இரண்டு நாள் பகலில் ஒன்றும் காணாத வாய்க்கு அது எவ்வளவு ருசியாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அழுதுகொண்டும் ருசித்துக்கொண்டும் சாப்பிட்டேன்.

அம்மா அறை வாசலில் நின்றா.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"பைக் எடுக்கோணும் அம்மா. சோதி அங்கிளுக்கு ஏலாது."

அம்மா என்னையும் பார்த்தா, பழத்தோலையும் பார்த்தா. சாவியை எடுத்து என் கையில் வைத்தா.

போனில், "அக்கா, சாப்பிட்டன், வெளிக்கிடுறன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அந்த ஓட்டத்தைப் பற்றி வீரக்கதை சொல்ல ஒன்றும் இல்லை. வேகமாக ஓடவில்லை. டயர் குளிர்ந்து கிடக்கும்போது வேகம் ஓடுகிறவன் போய்ச் சேரமாட்டான். இலை கிடந்த இடத்தில் நிமிர்ந்து கடந்தேன். மிச்சம் கொமனில் காற்று பக்கவாட்டில் அடித்தது, முழங்காலால் பெற்றோல் டாங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு லொறி என்னைக் காணாமல் என் பக்கம் விலகியது. நான் முன்னமே பிரேக்கில் இரண்டு விரல் வைத்திருந்தேன், கை உடனே கேட்டது. முதல் நாள் கை இப்படிக் கேட்டிருக்காது. அது எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது.

வாசல் சுவரில் நம்பர் பூட்டுப் போட்ட சாவிப் பெட்டியைத் திறந்து, சாவியை எடுத்து உள்ளே போனேன். வீடு அடுப்பு மாதிரிச் சூடு. அவர் சாமிப் படத்துக்கு முன்னால் கதிரையில் இருந்தார். கை நடுங்குகிறது, சேட்டு முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது.

"ஆர் உன்னை வரச்சொன்னது? போ வீட்டை."

"நடுங்குது அங்கிள்."

"குளிர்."

நெற்றியில் புறங்கையை வைத்தேன். நனைந்து கிடந்தது. குளிரில் நடுங்குகிறவருக்கு வேர்க்காது.

இந்த இடத்தில் புதுப் பிள்ளைகள் கவனமாக வாசியுங்கள். ஆள் கதைக்கிறாரா, விழுங்குவாரா என்று முதலில் பார்க்கவேண்டும். மயங்கிக் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது, புரைக்கேறிவிடும். ஆம்புலன்ஸ்தான். முழிப்பாக இருந்தால் சீனி போட்ட தண்ணீரோ பழச்சாறோ உடனே கொடுக்கவேண்டும். கால் மணித்தியாலம் பொறுத்து விரலில் குத்திப் பார்க்கவேண்டும். ஏறியிருந்தால்தான் பாண், பிஸ்கட். இன்னொன்று, சீனி இறங்கினவர் கோபப்படுவார். அந்தக் கோபத்தை அவருடையது என்று எடுக்காதீர்கள்.

போனை ஸ்பீக்கரில் போட்டுக் கல்பனாக்காவுக்குச் சொல்லிக்கொண்டே தோடம்பழச் சாற்றை ஊற்றினேன். விரலில் குத்தினேன், சீனி மோசமாக இறங்கியிருந்தது. கிளாஸை வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டார்.

"கமலம் ஒரு வருசம் விட்டவவோ? அவ பிடிச்சது என்னோடை நிண்டுபோகக் கூடாது."

"அன்ரி ஊசி போட்டுக்கொண்டோ பிடிச்சவ?"

"மருந்துக்குக் குற்றமில்லை."

"மருந்துக்குக் குற்றமில்லை அங்கிள். சாப்பிடாமல் அந்த மருந்து போட்டால் உயிர் போகும்."

"போகட்டும்."

அவர் விரதம் பிடிக்கவில்லை, மனுசிக்குப் பின்னால் போகிறதுக்கு வழி பார்க்கிறார் போல என்று ஒரு நினைப்பு வந்தது. இன்றைக்கும் அது சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை. போனில் கல்பனாக்கா மெதுவாகச் சொன்னா, "பேசிக்கிட்டே இரு. விடாத."

பேசுவதற்கு என்னிடம் வேறு என்ன இருந்தது?

"அங்கிள், நானும் சட்டி பிடிச்சனான். இப்ப முறிச்சிட்டுத்தான் வாறன்."

கண் என் பக்கம் திரும்பியது. "ஆருக்குப் பிடிச்சனி?"

"அண்ணாவுக்கு."

"ஆஸ்பத்திரியிலை கிடக்கிற பொடியனுக்கோ?"

"ஓம்."

"அதையோ முறிச்சனி?"

"ஓம். வாழைப்பழம் ரெண்டு, பால் ஒரு கிளாஸ். சாப்பிடாட்டி பைக் எடுக்க விடமாட்டினம். பைக் எடுக்காட்டி உங்களிட்டை வரேலாது. நீங்கள் இதைக் குடிக்காட்டி நான் அண்ணாவின்ரை விரதத்தை முறிச்சது வீண்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "விசரி. ஊருலகத்திலை இல்லாத விசரி" என்று சொல்லிக்கொண்டு வாயைத் திறந்தார். கிளாஸைப் பிடிக்க அவருக்குக் கை வரவில்லை. நான் பிடித்துக் குடிக்க வைத்தேன். நெஞ்சில் பாதி ஊற்றுப்பட்டது. இன்னொரு கிளாஸ் ஊற்றினேன்.

ஆம்புலன்ஸ்காரர் வந்தபோது அவர் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் எல்லாம் பார்த்து, சீனி ஏறிவிட்டது என்று சொன்னார்கள். அந்த நேரம் பின்கதவுக் கண்ணாடியில் டக் டக் என்று சத்தம். இரண்டு நாளாய் வயிறு நிறையச் சாப்பிட்ட புறாக்கள் வரிசையாக வந்து நின்றன. அவர் வாயில் பாணோடு கையை ஓங்கினார். "போங்கோ! இண்டைக்கு நான் சாப்பிடுறன்!" ஆம்புலன்ஸ்காரப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சிரித்த சிரிப்புக்கு அவ என்னையும் பரிசோதிக்கப் பார்த்தா.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணாவிடம் மறைத்து வைத்திருக்க என்னால் ஏலாது. முழுக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அப்ப விரதத்தை முறிச்சிட்டாய்."

"ஓம்."

"எதாலை முறிச்சனி?"

"வாழைப்பழம்."

கண்ணைத் திறந்தார். "உனக்கு அறிவிருக்கே? முறிக்கிறதெண்டு முடிவெடுத்த பிறகு வாழைப்பழமோ? ஒரு மட்டன் ரோல்ஸாவது சாப்பிட்டிருக்கலாம். என்ரை பேரிலை முறிச்ச விரதம், எனக்கு மரியாதை வேண்டாமே?"

மருந்து ஏறுகிற கையைப் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்தோம். நர்ஸ் வந்து என்ன என்று பார்த்துவிட்டுப் போனா. அதன்பிறகு அவர் மூன்று மாதத்துக்குமேல் இருந்தார். மருந்து முதலில் கேட்டது, பிறகு கேட்கவில்லை. மிச்சத்தை நான் எழுதப் போவதில்லை.

எட்டுச் செலவுக்கு, செத்தவருக்கு விருப்பமானதைப் படைக்கிற அந்த நாளில், வாழையிலையில் மட்டன் ரோல்ஸ் வைத்தேன். அம்மா தடுக்கவில்லை. முப்பத்தோராம் நாள் காரியம், நாங்கள் முப்பத்தொன்று என்போம், அன்று வீடு நிறையச் சனம். ஒரு மாமி, பேர் வேண்டாம், குசினிக்குள் நான் நிற்பது தெரிந்தே சொன்னா. "பிடிச்ச விரதத்தை நடுவிலை முறிச்சால் முருகன் சும்மா விடுவாரே?"

இரவில் நானே என்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி அது. பகலில் வேறு வாயால் வந்தது.

அம்மா சோறு கிளறுவதை நிற்பாட்டவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. "அவள் அண்டைக்குப் போகாட்டி கார்ஷல்ட்டனிலை ஒரு முப்பத்தொண்டு நடந்திருக்கும். நான் ஆறு நாளும் முறிக்காமல் பிடிச்சனான் மச்சாள். அதுக்காக என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறானோ? அப்பளத்தை எடுங்கோ."

மாமி அப்பளத்தை எடுத்தா.

சோதி அங்கிள் சுகமாக இருக்கிறார். மகள் கனடாவிலிருந்து வந்து நின்றுவிட்டுப் போனா. போன கிழமை நான் போன் அடித்தேன், சட்டி வருகிறது என்று ஞாபகப்படுத்த அல்ல, எச்சரிக்க. "பயப்பிடாதை அனுமார். இந்த முறை கமலத்துக்குப் பதிலாக் கோயிலுக்குப் பால் குடுக்கிறன். நான் பாண் சாப்பிடுறன்" என்றார். பின்னால் புறாச் சத்தம் கேட்டது. துரத்துகிற சத்தமும் கேட்டது.

இப்போது நான் ஒபிசில் கல்பனாக்காவுக்குப் பக்கத்து மேசை. காலமைப் போன் நான்தான் அடிக்கிறேன். நீங்கள் என்னைப் பகிடி பண்ணுவது எனக்குத் தெரியும். பண்ணுங்கள். ஆனால் கேட்டால் பதில் சொல்லுங்கள்.

அண்ணாவின் பைக் இவ்வளவு காலமும் வாசலில் தறப்பாள் மூடி நிற்கிறது. விற்க நானும் வாய் திறக்கவில்லை, அம்மாவும் திறக்கவில்லை. அம்மா சனிக்கிழமைகளில் தறப்பாளைத் தூக்கித் துணியால் துடைத்துவிட்டு மூடுவா. நேற்று இதை எழுதி முடிக்கும்போது கேட்டேன், நிரோஜா பைக் தேடித் திரிகிறாள், கொடுக்கட்டா என்று. அம்மா எழும்பிப் போய் யன்னலால் தறப்பாளைப் பார்த்தா. பிறகு, "ஓடாமல் நிண்டால் பற்றறி செத்துப்போகும் எண்டு அவன் சொல்லுறவன். குடு" என்றா. சாவியைச் சாமிப் படத்தடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தா.

ஆகவே நிரோஜா, உன் இரண்டாவது கேள்விக்குப் பதில். விரதம் பிடி, நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பைக் ஓடுகிற காலமை பாலும் பழமுமாவது எடு. ஏலாதென்றால் சொல்லு, நடக்கிற தூரத்தில் வீடு போட்டுத் தருகிறேன். தீன் பை பைக்கிலேயே மாட்டிக் கிடக்கிறது, கழற்றாதே.

திங்கள் காலமை வீட்டுக்கு வா. சாவி மேசையில் கிடக்கிறது. சாப்பிட்டுவிட்டு வா.